விற்பனைக்கு இல்லாத தீவுகள்

கேள்வி: தென் பசிபிக்கில் உள்ள டோங்கா நாட்டைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். தேங்காய், மீன், நீலக்கடல் என்று மக்கள் கவலையே இல்லாமல் ஆடிப்பாடி வாழ்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தில் சோம்பலாகப் பொழுதைக் கழிப்பவர்கள் என்றும் அதில் சொன்னார்கள். ஓய்வுக்காலத்தில் அங்கே கடலோரமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிக் குடியேற முடியுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: முடியாது. உங்களால் மட்டுமல்ல, யாராலும் முடியாது. டோங்காக்காரர் ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரருக்கே நிலத்தை விற்க நினைத்தாலும் சட்டம் விடாது. முதலாம் ஜார்ஜ் டுப்போ மன்னர் 1875-ல் வழங்கிய அரசியல் சாசனம் நில விற்பனையை அடியோடு தடை செய்தது. அந்தத் தடை இன்றும் நிற்கிறது. குத்தகைக்கு எடுக்கலாம், அதற்கும் அரசின் அனுமதி வேண்டும்.

அந்த மன்னர் 1853-ல் சிட்னிக்குப் போனபோது, ஒண்டுவதற்கு இடமில்லாமல் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தவர்களைக் கண்டு திடுக்கிட்டு விசாரித்தார் என்று சொல்வார்கள். நிலம் ஒருசிலர் கைக்குப் போனால் மற்றவர்கள் தெருவில் நிற்பார்கள் என்பது அவருக்கு அங்கே புரிந்ததாம். 1862-ல் குடிமக்களைத் தலைவர்களின் கட்டாய ஊழியத்திலிருந்து விடுவித்தார். பின்னால் வந்த சட்டம், பதினாறு வயது நிரம்பிய ஒவ்வோர் ஆணுக்கும் எட்டேகால் ஏக்கர் தோட்டத்துக்கும் ஊருக்குள் ஒரு வீட்டு மனைக்கும் உரிமை தந்தது. சுற்றியிருந்த தீவுகள் ஒவ்வொன்றாக வல்லரசுகளின் கைக்குப் போன காலம் அது. 1900 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தபோதும் டோங்காவின் அரியணையில் டோங்கா அரசமரபுதான் இருந்தது.

எயுவா என்ற தீவின் கதையைச் சொன்னால் நிலத்தின் அருமை விளங்கும். 1863-ல் அடிமை வியாபாரிகளின் கப்பல் ஒன்று டோங்காவின் இன்னொரு தீவான ஆட்டாவுக்கு வந்து, அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர்கள் திரும்பவே இல்லை. மிஞ்சியவர்களை மன்னர் எயுவாவுக்கு அழைத்து வந்து குடிவைத்தார். 1946-ல் வடகோடியில் உள்ள நியுவாஃபோஊ தீவில் எரிமலை வெடித்தது. தீவு முழுவதையும் காலி செய்தார்கள். அந்த மக்களில் பெரும்பகுதி எயுவாவில் நிலம் பெற்று, விட்டுவந்த ஊர்களின் பெயரையே புது ஊர்களுக்கும் வைத்துக்கொண்டது. 2022 ஜனவரி 15-ஆம் தேதி ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்துச் சாம்பலை ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலே வீசியது. அப்போது எழுந்த ஆழிப்பேரலை மாங்கோ தீவின் வீடுகள் அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. மாங்கோ மக்களுக்கும் எயுவாவில்தான் புதிய வீடுகள் எழுந்தன. கடலோரத்தை எல்லாம் விடுதிக்காரர்களுக்கும் ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கும் விற்றுத் தீர்த்திருந்தால், வீடிழந்த தன் மக்களை அந்த நாடு எங்கே கொண்டுபோய் வைத்திருக்கும்?

காணொளியில் நீங்கள் பார்த்த நிம்மதிக்கு அடியில் இப்படியொரு வரலாறு இருக்கிறது. தலைநகர் இருக்கும் டோங்காடாப்பு தீவில் ஆறே கிடையாது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துத்தான் பலர் குடிக்கிறார்கள். 2022-ல் அந்தத் தொட்டிகளில் சாம்பல் விழுந்தது. கடலடிக் கேபிள் அறுந்ததால் சுமார் ஐந்து வாரம் உலகத்தோடு சரியான தொடர்பில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் வேறு. இதைக் கவலையில்லாத வாழ்க்கை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சோம்பல் என்ற சொல்லுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நியூசிலாந்தில் 2007-ல் தொடங்கிய பருவகால வேலைத் திட்டத்தில் முதலில் சேர்ந்த நாடுகளில் டோங்காவும் ஒன்று. ஆப்பிள் பறிப்பதற்கும் திராட்சைக் கொடி கவ்வாத்து செய்வதற்கும் இளைஞர்கள் மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து போகிறார்கள். ஆக்லாந்தில், சிட்னியில், சால்ட் லேக் சிட்டியில் குடியேறிவிட்டவர்களும் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புகிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்போடு ஒப்பிட்டால் அந்தப் பணம் ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டி வருகிறது. யாரோ உழைத்து ஈட்டிய பணம் அது. ஊரில் இருப்பவர்களும் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. பெண்கள் காகித முசுக்கொட்டை என்ற மரத்தின் பட்டையை உரித்து, உள்தோலை ஊறவைத்து, மரக்கட்டைமேல் வைத்து அடித்து அகலமாக்குகிறார்கள். துண்டுகளைக் கிழங்குப் பசையால் ஒட்டி, கூட்டமாக உட்கார்ந்து சாயமிட்டால் இருபது மீட்டருக்கும் நீளமான 'ங்காட்டு' துணி உருவாகும். தாழை இலையில் முடையும் நேர்த்தியான பாய்க்கு மாதங்கள் பிடிக்கும். ஒரு வீட்டின் செல்வத்தை டோங்காவில் இந்தப் பாய்களையும் துணிகளையும் வைத்தும் எடை போடுவார்கள்.

திருமணத்திலும் சாவிலும் அவை கைமாறும். அப்பாவின் மூத்த சகோதரிக்குத்தான் அங்கே முதல் மரியாதை. சாவு வீட்டில் அந்த அத்தை இறந்தவரின் தலைமாட்டில் அமர்வார். சிறந்த பாய்கள் அவர் முன்னால் குவியும். முறையில் தாழ்ந்த உறவினர்கள் கிழிந்த பெரிய பாயை உடம்பில் சுற்றிக்கொண்டு அடுப்படி வேலை பார்ப்பார்கள். சகோதரியின் தரம் சகோதரனின் தரத்தைவிட எப்போதும் உயர்ந்தது.

அப்படிப்பட்ட சமூகத்தில் மகளுக்கு நிலப் பங்கீடு இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எட்டேகால் ஏக்கர் உரிமை ஆணுக்கு மட்டும். விதவை கணவன் நிலத்தை ஆயுள்வரை வைத்திருக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். இது அநீதி. இதை மாற்றச் சொல்லி டோங்காப் பெண்களே குரல் கொடுக்கிறார்கள், அவர்கள் பக்கம்தான் நான். பாவாடை போல இடுப்பில் கட்டும் பாயைப் படமெடுக்கும் காணொளிகள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. மலிவாக இறக்குமதியாகும் கொழுப்பு நிறைந்த ஆட்டிறைச்சியும் நீரிழிவும் அந்த நாட்டை வாட்டுவதையும் அவை சொல்வதில்லை.

இன்னொன்று. உரிமை காகிதத்தில் இருந்தாலும் டோங்காடாப்புவில் பிரித்துக் கொடுக்க நிலம் போதவில்லை. நிலத்துக்காகக் காத்திருக்கும் உள்ளூர் இளைஞர்கள் நிறைய. குத்தகைப் பணத்தோடு போய் அவர்களை முந்திக்கொள்ளாதீர்கள். விருந்தினராகப் போய் வாருங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை வவாஊ தீவுகளின் கடலுக்குக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கன்று ஈன வரும். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் விமானமும் ஓடாது, சாசனமே ஓய்வு நாளாக வகுத்திருக்கிறது. அன்று தேவாலயத்துக்குப் போய் அவர்கள் பாடுவதைக் கேளுங்கள்.