இன்ஜின் அறையில் தீ பிடித்தால்?

கேள்வி: எங்கள் விசைப்படகின் இன்ஜின் அறையில், தீயைத் தானாகவே அணைக்கும் வாயு சிலிண்டர் மாட்டலாம் என்றிருக்கிறோம். எந்த அளவு வாங்குவது, வேறென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முதலில் அறையை அளந்துவிடுங்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்றால் 9 கன மீட்டர். இன்ஜின் அடைத்திருக்கும் இடத்தைக் கழிக்காமல், அந்த முழு அளவு அறைக்கும் போதும் என்று குறித்திருக்கும் சிலிண்டராகப் பாருங்கள். சூடு மேலே ஏறும், அதனால் கூரையை ஒட்டி மாட்டுங்கள். பல மாடல்களில் சுமார் 79 டிகிரி செல்சியஸில் முனை உடைந்து வாயு பாயும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் காற்றோடு அந்த வாயுவையும் உறிஞ்சிப் புகைக்குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும், பிறகு தீயை அணைக்க என்ன மிச்சமிருக்கும்? எனவே வாயு பாய்ந்ததும் இன்ஜினையும் புளோயரையும் (காற்றோட்ட விசிறி) தானாக நிறுத்தும் ரிலே என்ற சுவிட்சையும் சேர்த்தே வாங்குங்கள், காசு கூடத்தான் ஆகும். அணைந்ததா என்று உடனே மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், குறைந்தது 15 நிமிடமாவது பொறுங்கள், காற்று புகுந்தால் தீ மறுபடி பற்றும். விலை மலிவு என்று கார்பன் டை ஆக்சைடு பக்கம் போக வேண்டாம், ஆள் இறங்கி வேலை செய்யும் அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வருடம் ஒருமுறை சிலிண்டரை எடை போடுங்கள், அழுத்தம் காட்டும் மீட்டர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம்.