அது பருந்தா, கழுகா, வல்லூறா? மதுரைப் பக்கத்து வேட்டைப் பறவைகள் பற்றிக் கேள்வி பதில்

மார்கழிப் பனியில் கண்மாய்க்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் போய் வந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். படம் சுமாராக இருந்தாலும், பார்த்ததை நன்றாக எழுதி அனுப்பியவர்களுக்குத்தான் பதில் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது.

மேலூரிலிருந்து ஒரு தம்பி: அரிட்டாபட்டி கழிஞ்சமலையில் காலை ஏழரை மணிக்கு இரண்டு பறவைகள் பாறையை ஒட்டி மாடப்புறாக்களை விரட்டின. காக்கை அளவுதான் இருக்கும். மேலே பழுப்பு, நெஞ்சு வெள்ளை, உச்சந்தலை லேசான செம்மண் நிறம். கண்ணுக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு. வல்லூறு என்கிறார் அப்பா. எந்த வல்லூறு?

அப்பா சொன்னது சரி தம்பி. நீங்கள் பார்த்தது லகர் வல்லூறு. உங்கள் குறிப்பில் நான் முதலில் தேடியது நிறத்தை அல்ல, இறக்கையைத்தான். பருந்துக்கும் கழுகுக்கும் பெரும்பாலும் இறக்கை நுனி கைவிரல்களை விரித்தது போலப் பிரிந்திருக்கும். வல்லூறுக்கு அரிவாள் மாதிரி கூராக முடியும். நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தில் அந்தக் கூர்மை தெளிவாக இருக்கிறது.

அந்த மலையில் ஷாஹீன் வல்லூறும் உண்டு, அதனால்தான் குழப்பம் வரும். ஷாஹீனுக்குத் தலை முழுக்கக் கறுப்புக் குல்லா போட்டது போல இருக்கும், கன்னத்தில் கறுப்பு அகலமாக இறங்கும், வயிறு செங்கல் நிறம். லகருக்கு அந்தக் கன்னக்கோடு பேனாவால் கிழித்தது போல மெல்லியதுதான். உச்சந்தலை செம்மண் நிறம் என்று எழுதினீர்களே, அது ஒன்றே போதும். ஆனால் இளம் லகர் அடிப்பக்கம் முழுக்கக் கரும்பழுப்பாக இருக்கும். அதைப் பார்த்து வேறு பறவை என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாகச் சேர்ந்து விரட்டியதும் லகரின் பழக்கம்தான். ஒன்று புறாவைக் கலைக்கும், மற்றது மடக்கும். ராசாளிக் கழுகும் அதே மலையில் இணையாக வேட்டையாடும். ஆனால் அது வல்லூறைவிட மிகப் பெரியது, முதுகில் இறக்கைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு தெரியும்.

இந்த மூன்றும் ஒரே மலையில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தபோது, இந்தப் பறவைகளும் ஒரு காரணமாக இருந்தன. அப்புறம் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டு எதிர்த்ததில் 2025 ஜனவரியில் அது ரத்தானது. வல்லூறு மரக்கிளையில் நம்மூர்க் காக்கை போலக் கூடு கட்டாது. பாறை விளிம்பிலோ வேறு பறவை விட்டுப்போன கூட்டிலோதான் முட்டையிடும். பாறை போனால் பறவையும் போய்விடும். உங்கள் ஊர்க்காரர்கள் காப்பாற்றிய பறவையைத்தான் நீங்கள் அன்று பார்த்திருக்கிறீர்கள்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒருவர்: வெள்ளையாக ஒரு பறவை காட்டுக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நின்றது. இறக்கையை அடித்துக்கொண்டே ஒரே இடத்தில் நிற்கிறது. என்ன அது?

அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே ஐயா, அதுதான் முக்கியம். அப்படி நிற்பவை நம் பக்கம் மூன்று உண்டு. காக்கையைவிடச் சிறியது, தோளில் கறுப்புப் பட்டை, கண் ரத்தச் சிவப்பு என்றால் கருந்தோள் பருந்து. செங்கல் நிற முதுகும் நீண்ட வாலும் இருந்தால் செவ்வல்லூறு, அது பனிக்காலத்து விருந்தாளி. பெரிதாக, இறக்கை விரித்தால் ஐந்தடிக்கு மேல் வரும் என்றால் குட்டைவிரல் பாம்புக்கழுகு.

நீங்கள் 'தலை ஆந்தை போல உருண்டையாக இருந்தது' என்று எழுதியதால் மூன்றாவதுதான் என்பேன். கழுத்து வரை பழுப்பு, அதற்குக் கீழே வெள்ளை. ஒருமுறை சமணர் மலைக்குப் பின்பக்கம் இதைப் பக்கத்தில் பார்த்தேன். பட்ட வேலமரத்தில் உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து ஒரு முழத்துக்குப் பாம்பின் வால் தொங்கியது. மஞ்சள் கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்தபடி, தலையை ஒரு ஆட்டு ஆட்டும், ஒரு விரற்கடை உள்ளே போகும். முழுதும் விழுங்கி முடிக்கும் வரை நான் நகரவில்லை.

அவனியாபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சாமநத்தம் கண்மாயில் கோரைப்புல்லுக்கு மேலே தாழ்வாக ஒரு பருந்து, இறக்கையை மேல்நோக்கி வைத்து மிதந்து போகிறது. கரும்பழுப்பு உடம்பு, தலை மட்டும் வெண்ணெய் நிறம்.

சேற்றுப் பூனைப்பருந்து. வெண்ணெய்த் தலை என்பதால் பெண் பறவை, அல்லது இளசு. பங்குனி வரை கண்மாய்களில் பார்க்கலாம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு அக்கா: வேப்பமரத்தில் வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை வந்து உட்கார்ந்தது. தவிட்டுக்குருவிகள் கத்தித் தீர்த்துவிட்டன. ஆனால் அது திருப்பித் தாக்கவே இல்லை, கம்பளிப்புழுவைத் தின்றுகொண்டிருந்தது. வைரி புழு தின்னுமா அக்கறையாய்?

அக்கா, நீங்கள் கவனித்ததுதான் விடை. அது வைரி இல்லை, அக்காக்குயில். சாம்பல் முதுகு, நெஞ்சில் வரி, வாலில் பட்டை, மரத்தில் ஏறி உட்காரும் விதம் எல்லாம் வைரியை அப்படியே உரித்து வைத்திருக்கும். அலகைப் பாருங்கள். வைரிக்குக் கொக்கி போல வளைந்திருக்கும், அக்காக்குயிலுக்கு நேராக, மெலிதாக இருக்கும். தவிட்டுக்குருவிகள் கத்தியதிலும் காரணம் இருக்கிறது. அவற்றின் கூட்டில்தான் அது திருட்டு முட்டை இடும்.

மாசி வீதிப் பக்கமிருந்து ஒருவர்: எங்கள் மொட்டை மாடியில் அடிக்கடி புறா இறகுகள் கொத்தாகக் கிடக்கின்றன. பூனையா, பறவையா?

இறகின் அடித்தண்டைப் பாருங்கள். தண்டு முழுசாக, நுனி வரை சேதமில்லாமல் இருந்தால் அலகால் பிடுங்கியது, அதாவது வேட்டைப் பறவை. தண்டு பாதியில் கடித்து அறுபட்டிருந்தால் பூனை. பறவைதான் என்றால் காலையில் கோபுரத்தையும் செல்போன் டவரையும் அண்ணாந்து பாருங்கள். பனிக்காலத்தில் வடக்கே சைபீரியப் பக்கமிருந்து வரும் பொரி வல்லூறு நகரத்துப் புறாக்களை நம்பி இப்படி உயரத்தில் உட்காரும். பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை அது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி: தென்னை வெட்டும்போது பருந்துக் குஞ்சு ஒன்று விழுந்துவிட்டது. வளர்க்கலாமா?

கூடாது தம்பி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பால் கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு புகைப்படக்காரர்: வல்லூறு கூடு எந்தப் பாறையில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பெரிய லென்ஸ் வைத்திருக்கிறேன், தொந்தரவு செய்ய மாட்டேன்.

சொல்ல மாட்டேன் அண்ணே, மன்னிக்கவும். தை முதல் சித்திரை வரை அவை குஞ்சு பொரிக்கும் காலம். பாறைக்கு எதிரே ஆள் நின்றாலே தாய்ப்பறவை எழுந்து போய்விடும். அந்த வெயிலில் பாறைமேல் கிடக்கும் முட்டை அதிக நேரம் தாங்காது. டிரோன் பறக்கவிட்டால் இன்னும் மோசம். உங்களுக்குப் படம்தானே வேண்டும்? விடியற்காலையில் மலையை விட்டுத் தள்ளி, கண்மாய்க்கரையில் புளியமர நிழலில் நில்லுங்கள். புறாக்கூட்டம் திடீரென்று ஒரே பந்தாகச் சுருண்டு திரும்பினால், கேமராவை அதற்கு மேலே உயர்த்துங்கள்.