தூங்கும்போது கிளம்ப வேண்டாம்

அன்புள்ள ஐயா,

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். அடுத்த வாரம் லடாக்குக்கு ஃபீல்டு போஸ்டிங். குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. நானும் ஆறு வயது மகளும் மாமியார் வீட்டில் இருப்போம். "பாப்பா தூங்கும்போது அவன் கிளம்பட்டும். கேட்டா நாளைக்கு வந்துடுவான்னு சொல்லிக்கலாம்" என்கிறார் அத்தை. அப்படிச் செய்யலாமா?

ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

வேண்டாம். அத்தை பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் தூங்கி எழுந்தபோது அப்பா இல்லை என்றால், அடுத்த ராத்திரி பாப்பா தூங்கப் பயப்படும். நீங்கள் கடைக்குப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். அழுதாலும் பரவாயில்லை, அப்பாவே சொல்லிவிட்டுக் கிளம்பட்டும்.

திரும்பி வரும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். ஜவான்களுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு உண்டுதான். அது எப்போது கிடைக்கும் என்பது யூனிட்டின் கையில். கிடைத்தாலும் பனி கொட்டினால் லடாக்கின் லே நகரிலிருந்து விமானம் பறக்காது. "பொங்கலுக்கு வந்துடுவார்" என்று சொல்லி அவர் வராமல் போனால், அடுத்த முறை நீங்கள் சொல்வதை அவள் நம்பமாட்டாள். "லீவு கிடைத்ததும் அப்பா கிளம்பி வருவார்" என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஆறு வயதுக்காரி எல்லையைப் பற்றியா கேட்கப்போகிறாள்? அப்பாவுக்குக் குளிராதா, யார் சோறு போடுவார்கள் என்றுதான் கேட்பாள். அதற்கு நேராகப் பதில் சொல்லலாம். லே 11,500 அடி உயரம், குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும், அறையில் புகாரி என்று ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு எரியும், லங்கர் என்கிற ராணுவச் சமையற்கூடத்தில் சுடச்சுடச் சப்பாத்தி கிடைக்கும். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். அப்பா பயிற்சி எடுத்தவர், கூட ஆட்கள் இருக்கிறார்கள், டாக்டர் இருக்கிறார் என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை.

டிவி செய்தியை அவள் எதிரில் போடாதீர்கள். 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலின்போது சேனல்கள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டின. சின்னக் குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் அது புதிதாக நடப்பதுதான்.

சில போஸ்ட்களில் சிக்னல் இருக்காது. கிளம்புவதற்குள் நாலைந்து கதைகளை அவர் குரலில் பதிவு செய்து வையுங்கள். வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கணவரிடம் இப்போதே சொல்லவேண்டியது ஒன்று உண்டு. லீவில் வரும்போது பாப்பா ஓடிவந்து கட்டிக்கொள்ளாமல் பாட்டி பின்னால் ஒளியலாம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இழுத்துத் தூக்கவேண்டாம், வந்த அன்றே ஹோம்வொர்க் நோட்டைக் கேட்கவும் வேண்டாம். (மிலிட்டரி அப்பாக்களுக்கு இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.) பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும், அவளே வருவாள்.