வேலையை விடாமல் திரைக்கதைப் பட்டம்: கடன் வாங்கிப் படிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கிறோம். எனக்கு வயது 41, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, ஆண்டுச் சம்பளம் 1,08,000 டாலர். கணவருக்கு 1,17,000. போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு முழு நீளத் திரைக்கதைகள் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது திரைக்கதையில் லோ-ரெசிடென்சி எம்.எஃப்.ஏ. (கலைத்துறை முதுகலைப் பட்டம்) சேர ஆசை. வருடத்துக்கு இரண்டு முறை பத்து நாள் நேரில் போனால் போதும், மீதியெல்லாம் வீட்டிலிருந்தே. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், செமஸ்டருக்கு 9,800 டாலர். கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்கால சேமிப்பான என் 401-கேயிலிருந்து 30,000 கடன் எடுக்கலாமா? 14 வயது மகளின் கல்லூரிப் படிப்புக்கான 529 சேமிப்புக் கணக்கில் 38,000 இருக்கிறது, அதைத் தொடலாமா? வீட்டின் மீது கடன் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். மதுரையில் அம்மாவுக்கு அனுப்புவது உட்பட எல்லாம் போக மாதம் 1,400 மிஞ்சுகிறது. அவசரத்துக்கென்று 24,000 தனியாக இருக்கிறது. இந்தப் படிப்பு நல்ல முதலீடுதானா?
— வாசகி, பிளேனோ

பதில்: முதலீடு என்ற கணக்கில் பார்த்தால் இது தேறாது. செலவு என்று ஒப்புக்கொண்டு, கையில் இருக்கும் காசில் கட்ட முடிந்தால் தாராளமாகச் சேருங்கள். நீங்கள் கேட்ட மூன்று வழிகளுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதலில் செலவை முழுசாகப் போடுவோம். கல்லூரியின் இணையப் பக்கத்தில் இருப்பது படிப்புக் கட்டணம் மட்டும்: 39,200. இரண்டு வருடப் படிப்பு என்றாலும் இப்படிப்பட்ட பல படிப்புகளில் ரெசிடென்சி, அதாவது நேரில் போகும் பத்து நாள், ஐந்து முறை. தொடக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஒன்று, அதில் கடைசியது பட்டம் வாங்க. ஒவ்வொன்றுக்கும் தங்க 1,100, விமானம் 400, சாப்பாடும் டாக்சியும் 350 என்று நடுத்தரமாக வைத்தாலும் 1,850. ஐந்துக்கு 9,250. புத்தகம், மென்பொருள் 600. மொத்தம் 49,050 டாலர்.

இதில் சேராத செலவு ஒன்று உண்டு: லீவு. வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த ஞாயிறு முடிகிற பத்து நாளில் வேலை நாள் ஆறு. வருடத்துக்கு இரண்டு ரெசிடென்சி என்றால் 12 நாள். உங்கள் கம்பெனி 15 நாள் லீவு தருகிறது என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது மூன்று. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூட மீட்டிங் என்று அதுவும் போய்விடும். அம்மாவைப் பார்க்க இரண்டு வாரம் மதுரை போக வேண்டுமானால் சம்பளமில்லா லீவுதான். உங்கள் சம்பளத்தில் ஒரு வேலை நாளின் மதிப்பு 415 டாலர், பத்து நாளுக்கு 4,150. ஒரு செமஸ்டர் கட்டணத்தில் கிட்டத்தட்ட பாதி. லோ-ரெசிடென்சி படிப்பவர்கள் பலர் பணத்தை எப்படியோ புரட்டிவிடுகிறார்கள், திணறுவது லீவில்தான்.

இனி நீங்கள் கேட்ட வழிகள்.

401-கே கடன். கணக்கில் உங்களுக்கு உரிமையானதில் பாதி, அல்லது 50,000 டாலர், எது குறைவோ அதுவரை எடுக்கலாம். ஐந்து வருடத்தில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். வட்டி நமக்கே திரும்ப வருகிறதே என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் வேலை போனால் என்ன ஆகும்? அந்த வருடத்தின் வரித் தாக்கல் கெடுவுக்குள் மீதியைக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் மீதி முழுவதும் உங்கள் வருமானமாகக் கணக்காகும். அதற்கு வரி, மேலே 10 சதவீத அபராதம். டெஸ்டிங் டீம்களில் ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில், வேலை போகிற நேரத்தில் 20,000 டாலர் கடனும் வாசலில் வந்து நிற்கும் ஏற்பாட்டை நீங்களே செய்துவைக்க வேண்டாம்.

மகளின் 529. சட்டப்படி தடையில்லை. பயனாளியை மகளிடமிருந்து உங்கள் பெயருக்கு மாற்றலாம், முதுகலைக் கட்டணத்துக்கும் செல்லும். விமான டிக்கெட்டுக்குச் செல்லாது. தங்கும் செலவுக்கு எடுக்க வேண்டுமானால் குறைந்தது அரை நேர மாணவராகப் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு 14 வயது. நான்கே வருடத்தில் அந்தக் காசு தேவைப்படும். அம்மாவின் பட்டத்துக்கு எடுத்துவிட்டு மகளைக் கடன் வாங்கச் சொல்வது எந்தக் கணக்கிலும் சரிவராது. வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எடுப்பதற்கு முன்பே கைவிடுங்கள்.

வீட்டின் மீது கடன். கணவரின் மனசு புரிகிறது. ஆனால் சம்பாதித்துக் கொடுக்கும் என்று உறுதியில்லாத படிப்புக்கு வீட்டை அடமானமாக வைக்க நான் யாருக்கும் சொன்னதில்லை.

கிரீன் கார்டு இருப்பதால் அரசுக் கல்விக் கடனுக்கும் தகுதி இருக்கிறது. முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 வரை. அதற்கு மேல் வாங்க உதவிய கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்வோருக்குக் கிடையாது. முழு நேரத்துக்குக் குறைவாகப் பதிவு செய்தால் வரம்பும் அந்த விகிதத்தில் குறையும். 2025-26-ல் வட்டி 7.94 சதவீதம். அதே வட்டியில் 41,000 வாங்கினால், புதிய விதிப்படி 15 வருடத் தவணை, மாதம் சுமார் 390. கட்டி முடிக்கும்போது 70,000 டாலர் போயிருக்கும். படிக்கும் இரண்டு வருடத்து வட்டி இதில் சேரவில்லை. அப்போது உங்களுக்கு வயது 58.

வரிச் சலுகை ஏதாவது கைகொடுக்குமா? லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்று 2,000 டாலர் வரை ஒன்று உண்டு. தம்பதியின் வருமானம் 1,80,000-ஐத் தொட்டால் பூஜ்யம். கல்விக் கடன் வட்டிக் கழிவும் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் நின்றுவிடும். உங்கள் இருவர் வருமானம் 2,25,000. இரண்டும் இல்லை. எழுத்தாளர் என்று தனித் தொழிலாகக் காட்டி கட்டணத்தைக் கழித்துவிடலாம் என்று நண்பர் யாராவது சொல்வார். புதிய தொழிலுக்குத் தகுதி தரும் படிப்பைத் தொழில் செலவாகக் கழிக்க வரித்துறை விடாது.

சரி, நான்காவது வழி. உங்கள் கம்பெனியின் கல்வி உதவித் திட்டம். வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவுப்படி, வேலை கொடுப்பவர் ஓர் ஆண்டில் 5,250 டாலர் வரை உங்கள் படிப்புக்குக் கொடுத்தால் அதற்கு வரி இல்லை. 2026-க்குப் பிறகு இந்த வரம்பு விலைவாசியோடு சேர்ந்து ஏறும். முக்கியமான இடம் இது: வரம்பு காலண்டர் ஆண்டுக்கு. ஜூனில் தொடங்கும் அணியில் சேர்ந்தால் இரண்டு வருடப் படிப்பு மூன்று காலண்டர் ஆண்டுகளைத் தொடும். மூன்று முறை 5,250 என்றால் 15,750. உங்கள் வரி விகிதத்தில் இவ்வளவு பணம் வரியில்லாமல் வருவது சின்ன விஷயமல்ல. கட்டணம், புத்தகம் போன்ற படிப்புச் செலவுக்குத்தான் இது செல்லும். ஹோட்டலும் விமானமும் உங்கள் பை.

எச்.ஆர். துறையிடம் நாலு விஷயம் கேளுங்கள். வேலைக்குச் சம்பந்தமான படிப்புக்குத்தான் தருவார்களா? சட்டம் அப்படிக் கேட்கவில்லை, ஆனால் பல கம்பெனிகளின் விதி கேட்கும். திரைக்கதைக்கும் டெஸ்டிங்குக்கும் முடிச்சுப் போட்டுப் பொய் எழுதாதீர்கள். கம்பெனிக்குள் வீடியோ, பயிற்சிப் பாட எழுத்து போன்ற வேலை இருந்தால் அதை நேர்மையாகச் சொல்லலாம். பணம் முன்னாலேயே தருவார்களா, மதிப்பெண் வந்த பிறகா? மதிப்பெண் டிசம்பர் கடைசியில் வந்து காசு ஜனவரியில் ஏறினால், முதல் ஆண்டின் 5,250 அப்படியே வீணாகும். வேலையை விட்டால் எவ்வளவு காலத்துக்குள் திருப்பிக் கேட்பார்கள்? ஆட்குறைப்பில் போனாலும் கேட்பார்களா? கடைசிக் கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி வையுங்கள்.

15,750 கிடைத்தால் நீங்கள் போட வேண்டியது 33,300. மாதம் 1,400 வீதம் 24 மாதம். கச்சிதமாகப் பொருந்துகிறது என்று உடனே சேர்ந்துவிடாதீர்கள். முதல் பில்லும் முதல் ரெசிடென்சியும் சேர்த்து 11,650 ஒரே நேரத்தில் வரும், அந்த 24,000-ஐத் தொடத் தோன்றும். ஒன்பது மாதம் தள்ளிச் சேருங்கள். அதற்குள் 12,600 சேர்ந்திருக்கும்.

அந்த ஒன்பது மாதத்தில் பணத்தோடு பக்கங்களும் சேரட்டும். இந்தப் படிப்பின் உயிர் பாக்கெட் எனப்படும் முறையில் இருக்கிறது: சில வாரங்களுக்கு ஒருமுறை இருபது, முப்பது பக்கம் எழுதி வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டும், அவர் வரிவரியாகக் குறிப்பு எழுதித் திருப்புவார், அதைத் திருத்திக்கொண்டே அடுத்த பாக்கெட். நீங்கள் 49,000 கொடுத்து வாங்குவது உண்மையில் இந்தக் கெடுவையும், கூர்ந்து படிக்கும் ஒரு ஆளையும்தான். இரவு பத்து மணிக்கு மேல், மகள் தூங்கிய பிறகு, மாதம் 25 பக்கம் உங்களால் எழுத முடிகிறதா என்று காசு கட்டாமலேயே பார்த்துவிடலாம். யாராவது படித்துச் சொல்ல வேண்டுமென்றால் வெளியாட்களுக்கும் வகுப்பு நடத்தும் யூ.சி.எல்.ஏ. எக்ஸ்டென்ஷன் போன்ற இடங்களில் ஒற்றை வகுப்பாக எடுங்கள். செலவு இதில் சிறு பங்குதான்.

நல்ல முதலீடுதானா என்று கேட்டிருந்தீர்கள், வருமானத்தைப் பார்ப்போம். 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்ட்டின் வேலைநிறுத்தம் 148 நாள் நடந்தது. அதையொட்டி வந்த 2023-24 சீசனில் தொலைக்காட்சி எழுத்து வேலைகள் அதற்கு முந்தைய சீசனைவிட 42 சதவீதம் குறைந்து 1,819 ஆனதாக அந்த கில்ட்டே கணக்குச் சொன்னது. ஒரு கதை விற்றாலும் ஏஜென்ட்டுக்கு 10, மேனேஜருக்கு 10, வக்கீலுக்கு 5 சதவீதம் போய்விடும், வரியும் உண்டு. பட்டத்தைப் பார்த்துக் கதை வாங்கும் தயாரிப்பாளர் ஹாலிவுட்டில் இல்லை. கோடம்பாக்கத்தில் கேட்கவே வேண்டாம். அங்கே ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று பாதிப் படங்களில் ஒரே பெயர்தான் ஓடுகிறது. எம்.எஃப்.ஏ. நேரடியாகத் திறக்கும் கதவு கல்லூரி ஆசிரியர் வேலை, அதுவும் பெரும்பாலும் பகுதி நேரம், உங்கள் இப்போதைய சம்பளத்துக்குப் பக்கத்திலேயே வராது.

இன்னொரு கதவு ஓரளவு உண்டு. ஆஸ்கர் அகாடமி நடத்தும் திரைக்கதைப் போட்டியான நிக்கோல் ஃபெல்லோஷிப்புக்கு முன்பு யார் வேண்டுமானாலும் நேரடியாக அனுப்பலாம். 2025 முதல் கூட்டாளிக் கல்லூரிகள், சினிமா அமைப்புகள் வழியாகவோ, எழுத்தாளர்கள் திரைக்கதைகளை ஏற்றிவைக்கும் பிளாக் லிஸ்ட் இணையதளம் வழியாகவோதான் போக முடியும். நீங்கள் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலையின் ரிவர்சைடு வளாகம் பாம் டெசர்ட்டில் நடத்துவது, கென்டக்கி லூயிவில்லில் ஸ்பால்டிங், மிசூரியில் ஸ்டீபன்ஸ் என்று திரைக்கதைக்கு இந்த முறையில் இடம் தருபவை பல. ஆனால் எழுத்துக்கான லோ-ரெசிடென்சி முறையை 1976-ல் தொடங்கிய வெர்மான்ட்டின் காடர்ட் கல்லூரியே 2024-ல் மூடப்பட்டுவிட்டது. சின்னக் கல்லூரிகள் தள்ளாடும் காலம் இது. படிக்கும்போதே கல்லூரி மூடினால் அரசுக் கடன் வாங்கியவருக்குக் கடன் ரத்தாக வழி இருக்கிறது. கைக்காசு கட்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றாலும் செமஸ்டர் செமஸ்டராகவே கட்டுங்கள்.

இதே ஆசையுள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் வேலையோடு படிக்கலாம், ஆனால் அரசுக் கடன் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்பான்சர் செய்த கம்பெனி தவிர வேறு யாரிடமும் உழைப்புக்குக் காசு வாங்கக் கூடாது என்பது. திரைக்கதை விற்று முன்பணம் வாங்கும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். எச்-1பிகாரரின் கணவருக்கோ மனைவிக்கோ தரப்படும் வேலை அனுமதியான எச்-4 ஈ.ஏ.டி. இருந்தால் அந்தத் தடை இல்லை. இந்தியாவிலிருந்து விசிட்டர் விசாவில் பத்துப் பத்து நாளாக வந்து பட்டம் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அந்த விசா பட்டப் படிப்புக்கு இடம் தராது. மாணவர் விசாவில் ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் பாடத்தை மட்டுமே முழு நேரக் கணக்கில் சேர்க்க முடியும். அதனால் இந்த வகைப் படிப்பு அதிலும் பெரும்பாலும் பொருந்தாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எச்.ஆர். முடியாது என்று சொல்லிவிட்டால் 49,050-ம் உங்கள் கையிலிருந்துதான். மாதம் 1,400 வீதம் அது 35 மாதச் சேமிப்பு. படிப்பு 24 மாதம். ஒன்பதுக்குப் பதில் குறைந்தது 11 மாதம் முன்கூட்டிச் சேர்க்க வேண்டும். ஜூன் அணிக்கு அது சரிவராவிட்டால் அடுத்த டிசம்பர் அணியில் சேருங்கள். இடத்தை அதுவரை தள்ளிவைப்பார்களா, கட்டிய டெபாசிட் நிற்குமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் அட்மிஷன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.