கேஸ் அடிப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள்

26 ஆண்டுகளாக ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவரிடம் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும். இந்த இதழில் சைடு பை சைடு ஃப்ரிட்ஜ், அதாவது இடப்பக்கம் ஃப்ரீசரும் வலப்பக்கம் சாதாரணக் குளிர் அறையுமாக நெடுக்காகப் பிரிந்த இரட்டைக் கதவு வகை.

கேள்வி: எங்கள் சைடு பை சைடில் ஃப்ரீசர் பக்கம் ஐஸ்கிரீம் கல்லாக இருக்கிறது. ஆனால் வலப்பக்கம் வைத்த பால் மறுநாளே திரிந்துபோகிறது. பார்க்க வந்தவர் “கேஸ் போயிருக்கு, அடிக்கணும்” என்கிறார். அடிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஒரு நாள் பொறுங்கள்.

இந்த வகை ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான். ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டுக்குள் ஒரு ‘காயில்’ (coil) இருக்கிறது, கேஸ் ஓடிக் குளிர வைக்கும் வளைகுழாய். வலப்பக்கத்துக்கென்று சொந்தக் குளிர் கிடையாது. காயிலுக்கு மேலே சுற்றும் சின்ன ஃபேன் தள்ளுகிற காற்றில் ஒரு பங்கு, நடுச்சுவரில் உள்ள வழியாக அந்தப் பக்கம் போகிறது. அந்த வழியில் ஒரு மடல் உண்டு, டேம்பர் என்போம். வலப்பக்கம் குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும், சூடு ஏறினால் திறக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் காயில் வைத்த மாடல்களும் இருக்கின்றன. உங்களுடையது எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் குறைந்தால் அடிபடுவது காயில். அந்தக் காயில் இருப்பது ஃப்ரீசரில். அப்படியிருக்க, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறது என்றால் முதலில் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளிர் இருக்கிறது, வலப்பக்கம் வந்து சேரவில்லை.

முதல் வேலையாக, வலப்பக்க மேல் தட்டில் காற்று வருகிற துவாரத்தைத் தேடுங்கள். அதன் முன்னால் டப்பா அடைத்து நிற்கிறதா? என் வீட்டிலேயே இது நடந்தது. உயரமான ஒரு பாத்திரம் துவாரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதை நான்கு விரல் தள்ளி வைத்தேன், மறுநாள் காலையில் உள்ளே 4 டிகிரி. ஃப்ரீசரை நிறைத்து வைப்பதில் தவறில்லை, அங்கேயும் துவாரங்களை மட்டும் அடைக்காதீர்கள். வலப்பக்கத்தில் சாமான்களுக்கு நடுவே காற்று புகுந்து வர இடம் விட்டே ஆக வேண்டும்.

துவாரம் திறந்திருந்தும் காற்று வரவில்லையா? ஃப்ரீசரின் பின் தகட்டைப் பாருங்கள். வெள்ளையாகப் பனி பூத்திருந்தால் உள்ளே காயில் முழுக்க ஐஸ் மூடிக்கொண்டது என்று அர்த்தம். காயிலில் பனி படிவது இயல்பு. அதை அவ்வப்போது உருக்க அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். உருகிய தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, கம்ப்ரஸர் பக்கத்துத் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஹீட்டரோ, அதோடு சேர்ந்த சென்சாரோ, ஃபியூஸோ போய்விட்டால் பனி உருகாமல் ஏறிக்கொண்டே போகும். காற்று போக வழி இருக்காது. காயிலை ஒட்டி இருப்பதால் ஃப்ரீசர் மட்டும் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

அதற்குத்தான் ஒரு நாள் கேட்டேன். பொருட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். கீழே பழைய துண்டுகளை விரித்து, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். அப்புறம் போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் நன்றாகக் குளிர்ந்து, சில நாளிலோ இரண்டு வாரத்திலோ மறுபடி சூடேறினால் உருக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. மாற்ற வேண்டியது ஒரு சின்னப் பாகமாக இருக்கும். உருக்கிய பிறகும் கொஞ்சம்கூடக் குளிர் வராவிட்டால் ஃபேனையும் டேம்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐஸை மட்டும் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தாதீர்கள். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு வீட்டில், அவசரத்தில் நான் அதைச் செய்தேன். முதல் இரண்டு குத்தில் ஐஸ் பாளமாகப் பெயர்ந்தது. மூன்றாவதில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அலுமினியக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. அந்த வீட்டம்மா எதுவும் சொல்லவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றார். நல்ல காயிலை நானே கெடுத்தேன். இன்றும் ஐஸ் மூடிய காயிலைப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போவேன்.

கேஸ் பற்றி இன்னொன்று. அது வண்டி பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் அடித்தால் அதே ஓட்டை வழியாகத்தான் போகும். இன்றைய ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. எடை பார்த்து, கிராம் கணக்கில் ஏற்ற வேண்டும். “கசிவு எங்கே?” என்று கேளுங்கள். இடத்தைக் காட்ட முடியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இடக்கதவு வலக்கதவைவிடச் சற்று இறங்கித் தெரிகிறது. கீல் தேய்ந்துவிட்டதா?

பெரும்பாலும் கீல் இல்லை, தரைதான். நிறைந்த ஃப்ரிட்ஜின் எடை நூறு கிலோவைத் தாண்டும். தரை ஒரு மூலையில் லேசாகத் தாழ்ந்திருந்தாலும் பெட்டி திருகிக்கொள்ளும், கதவுகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடியில் உள்ள மூடியைக் கழற்றினால் முன்கால்கள் தெரியும். இறங்கிய கதவின் பக்கத்துக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். இன்னொருவர் மேல்பகுதியை லேசாகப் பின்னால் சாய்த்துப் பிடித்தால் கால் சுலபமாகத் திரும்பும். பின்பக்கத்தைவிட முன்பக்கம் இம்மியளவு உயரமாக இருக்கட்டும். அப்போதுதான் பாதி திறந்த கதவு தானாக மூடும். சரிசெய்த பிறகும் வித்தியாசம் இருந்தால், கீலிலேயே உயரம் மாற்றும் வசதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள்.

கையோடு கதவு ரப்பரையும் சோதியுங்கள். ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் நழுவினால் அந்த இடத்தில் ஈரக்காற்று உள்ளே போகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மடிப்புக்குள் துடையுங்கள். பாதி ரப்பர்களுக்கு அதுவே போதும்.

கேள்வி: இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள பட்டை சூடாக இருக்கிறது. ஆபத்தா?

இல்லை. அங்கே வியர்த்துத் தண்ணீர் கோக்காமலிருக்க வேண்டுமென்றே சூடாக வைத்திருக்கிறார்கள். பக்கச் சுவர்கள் சுடுவதும் அப்படித்தான், பல மாடல்களில் வெப்பம் வெளியேறும் குழாய் அங்கேதான் ஓடுகிறது. அதனால்தான் பக்கங்களில் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

கேள்வி: புதிதாக வாங்கப் போகிறோம். 92 செ.மீ. அகல இடம் இருக்கிறது. போதுமா?

பல மாடல்கள் 90 செ.மீ.யை ஒட்டி வரும். அதனால் நுழைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மூச்சுவிட இடம் இருக்காது. ஒரு பக்கம் சுவர் இருந்தால் இன்னொரு சிக்கல்: கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் பல மாடல்களில் உள் டிராயர்கள் முழுதாக வெளியே வரும். கழுவ எடுக்க முடியாத டிராயரோடு எத்தனையோ பேர் அவஸ்தைப்படுகிறார்கள். இடைவெளிக் கணக்கு ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. வாங்கும் முன் கையேட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாசல் நிலையையும் அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டிலேயே அகலமான தட்டை அளந்து அந்த எண்ணோடு போங்கள். லிட்டர் கணக்கில் பெரிதாக இருந்தாலும் நெடுக்காகப் பிரிந்திருப்பதால் ஃப்ரீசர் பக்கம் ஒடுங்கியது. பெரிய தட்டுகளை அப்படியே உள்ளே வைக்கிற பழக்கம் இருந்தால் ஃப்ரீசர் அடியில் உள்ள மாடலைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: ஒரு மாதம் வெளியூர் போய் வந்தோம். கதவில் வருகிற தண்ணீரில் ஒரு வாடை அடிக்கிறது.

குழாயில் தேங்கிய தண்ணீர். சில லிட்டர் பிடித்துக் கொட்டுங்கள். பெட்டியில் உள்ள பழைய ஐஸையும் எறிந்துவிடுங்கள், அது வாடையை இழுத்து வைத்திருக்கும். வடிகட்டி மாற்றி ஆறு மாதம் ஆகிவிட்டதென்றால் அதையும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு, கையேட்டில் சொன்ன அளவு தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடியுங்கள்.