வேடந்தாங்கலுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் 300 எம்எம் லென்ஸ் போதுமா?

கேள்வி: ஜனவரியில் ஒரே நாளில் வேடந்தாங்கலும் மாமல்லபுரமும் போகிறோம். சாதாரண டிஎஸ்எல்ஆர், 18-55, 70-300 லென்ஸ்கள் உள்ளன. போன முறை பறவைகள் மங்கலாக வந்தன. வெள்ளைப் பறவைகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டன. கோயில் பின்பக்கம் சாய்ந்தாற்போல் தெரிந்தது. பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் வேடந்தாங்கல், மாலையில் மாமல்லபுரம் என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

உங்கள் கேமராவில் 300 எம்எம் வைத்தால், 60 மீட்டர் தூரத்தில் படத்தின் உயரத்துக்குள் அடங்குவது சுமார் 3 மீட்டர். ஒரு மீட்டர் உயரமுள்ள சங்குவளை நாரை அதில் மூன்றில் ஒரு பங்கு வரும், தாராளம். 120 மீட்டரில் அது ஆறில் ஒரு பங்காகிவிடும். அங்கே பறவையைத் தனியாக எடுக்க முயலாமல், மரம் முழுக்க நிறைந்திருக்கும் கூட்டத்தை எடுங்கள். வெயில் ஏறிய பின் ஏரி மேல் எழும் கானல் உருவத்தை நெளியவைக்கும். அதற்கு 600 எம்எம் லென்ஸும் மருந்தல்ல. ஒன்பது மணிக்குள் முக்கியமான படங்களை முடித்துவிடுங்கள்.

மங்கலுக்கு இன்னொரு காரணம் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அல்ல. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறக்கும் நாரைக்கு 1/1600, நிதானமாகச் சிறகடிக்கும் கூழைக்கடாவுக்கு 1/1000 போதும். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்; கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகும்) உச்சவரம்பு 3200. புள்ளி புள்ளியாக வந்த படத்தைச் சரிசெய்யலாம். அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸைத் தொடர் முறையில் (கேனனில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி) வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா முன்னால் நீட்டியிருக்கும் கிளையைத்தான் பிடிக்கும்.

வெள்ளைத் திட்டு விவகாரம் வேறு. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே வெள்ளைப் பறவை இருந்தால், இலையின் இருட்டைப் பார்த்து கேமரா ஒளியைக் கூட்டிவிடும். இறகின் வரிகள் அழிந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாக எடுக்கும் ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -2/3 முதல் -1 வரை இறக்குங்கள். அதே பறவை வானத்துக்கு எழும்பினால் நிலைமை தலைகீழ். +1 வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். இதை மாற்ற மறப்பதுதான் பலருக்கும் நேர்வது. அரிவாள் மூக்கன் நல்ல சோதனை: வெள்ளை உடல், கறுத்த தலை. உடலில் இறகு வரி தெரிகிற அளவுக்கு எடுங்கள். தலையின் இருட்டை ரா (கேமரா பதியும் மூலத்தரவு) கோப்பில் பிறகு கொஞ்சம் தூக்கலாம். வெளுத்த இறகு திரும்பாது. கைதட்டிப் பறவைகளைக் கிளப்பாதீர்கள். தாய்ப்பறவை கூட்டை விட்டெழுந்தால் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

கடற்கரைக் கோயிலின் முதன்மைச் சன்னதி கிழக்கே கடலைப் பார்த்தது. நாம் நுழைவது மேற்கிலிருந்து. ஆகவே காலையில் அந்தப் பக்கம் நின்றால் வெறும் நிழலுருவம்தான்; மாலை 4 முதல் 5.30 வரை வெயில் கல்லில் நேரே விழும். கோயில் சாய்வது, கேமராவை அண்ணாந்து பிடிப்பதால். விமானம் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்) ஏறக்குறைய 18 மீட்டர் உயரம். 18 எம்எம்மில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, அண்ணாந்து சாய்க்காமல் உச்சியை அடக்க 25 மீட்டர் பின்வாங்க வேண்டும். படம் அகலவாக்கில் வரும்படி பிடித்தால் 38 மீட்டர். கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடலாம். லென்ஸ் துளை எஃப்/8, ஐஎஸ்ஓ 200 போதும். முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், அதனால் கையிலேயே எடுக்கப் பழகுங்கள்.

மாமல்லபுரத்திலேயே உள்ள அர்ச்சுனன் தபசு என்ற பாறைப் புடைப்புச் சிற்பமும் கிழக்கு நோக்கியது. மாலையில் அது நிழலில் தட்டையாகத் தெரியும். இரவு தங்கினால் மறுநாள் ஒன்பது, பத்து மணிவாக்கில் போங்கள். சூரியன் சற்று ஏறியபின்தான் தவமிருக்கும் பூனையும் அடியில் இருக்கும் எலிகளும் நிழலோடு எடுப்பாக நிற்கும். ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது பையை மூடியே அரைமணி வெளியில் வையுங்கள், இல்லையேல் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். கடற்காற்று படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காமல், முதலில் ஊதித் தள்ளிவிட்டு, லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.