வாசகர் கேள்விகள்: பிடி வேறு, முடிவு வேறு

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் போகிற போக்கில் சுமோ மல்யுத்தம் பற்றி நான்கு வரி எழுதினேன். டோக்கியோவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதும் அதில் எப்படியோ கசிந்துவிட்டது. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் அவை மட்டுமே. அரசியல் கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விருதுநகர் வாசகர்: என் மகன் சுமோ பைத்தியம். ஜப்பானிய ரசிகர் ஒருவரின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு வீரரின் ஊர், எடை, கைவந்த உத்தி எல்லாம் இருந்ததாம். இப்போது அந்தப் பக்கமே இல்லை. மீட்க வழி உண்டா?

பழைய முகவரி உங்கள் மகனிடம் இருந்தால் வழி உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்து வருகிறது. அதன் 'வேபேக் மெஷின்' தளத்தில் அந்த முகவரியை இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகவரியில் ஜியோசிட்டீஸ் என்ற சொல் இருந்தால் பக்கம் ஏன் போனது என்பதும் தெரிந்துவிடும். யாகூ ஜப்பான் அந்த இலவச இடத்தை 2019 மார்ச் 31 அன்று இழுத்து மூடியது. ரயில் பைத்தியம், பூனைப் பைத்தியம், சுமோ பைத்தியம் என்று ஜப்பானில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் அங்கே எழுதிக் குவித்திருந்தார்கள். வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். உடம்பு முடியாதவர்கள், காலமானவர்கள், மறந்துபோனவர்கள் ஆகியோரின் பக்கங்கள் கதவோடு போயின.

பிரதி கிடைத்தாலும் எழுத்துக்குப் பதில் கட்டமும் கேள்விக்குறியுமாக வரலாம். பயப்பட வேண்டாம். பழைய ஜப்பானியப் பக்கங்கள் ஷிஃப்ட்-ஜிஸ், ஈ.யூ.சி. போன்ற குறியீட்டு முறைகளில் இருக்கும். உலாவியிலோ எழுதும் செயலியிலோ குறியீட்டு முறையை மாற்றிப் பார்த்தால் எழுத்து தெளியும். இந்த அலங்கோலத்துக்கு ஜப்பானியர் 'மொஜிபாகே' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு முந்திய பாமினி, டிஸ்கி என்ற தமிழ்க் குறியீடுகளில் கோப்பு வைத்திருந்த நமக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கம் கிடைத்த அன்றே யூனிகோடில், வெறும் எழுத்துக் கோப்பாக நகலெடுக்கட்டும். வீரரின் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதினால் போதாது, 'காஞ்சி' எனப்படும், சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்தும் வேண்டும். வெவ்வேறு எழுத்துகளில் எழுதும் இரண்டு பெயர்கள் உச்சரிப்பில் ஒன்றாகிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் மேலே குறிக்க வேண்டும். இன்னொன்று: தேடுபெட்டியில் பெயரை இட்டால் மட்டும் விரியும் பக்கங்கள் பெரும்பாலும் அந்தக் காப்பகத்தில் அகப்படுவதில்லை. அவற்றைத் தளம் உயிரோடிருக்கும்போதே கையால் எடுத்துவைப்பதுதான் வழி.

சேலம் வாசகி: யோகோசுனா (சுமோவின் உச்சத் தகுதி) சியோனோஃபுஜியின் கைவந்த உத்தி 'மிகி-யொத்ஸு' என்று ஓரிடத்தில் படித்தேன். சுமோவின் 82 உத்திகள் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லையே! எது தவறு?

இரண்டும் சரி அம்மா. இந்தக் கேள்வியை நான் டோக்கியோவில் இருந்தபோது யாராவது என்னிடம் கேட்டிருந்தால் ஒரு முழு நோட்டுப் புத்தகம் வீணாகியிருக்காது.

82 என்பது 'கிமாரிதே', அதாவது ஆட்டம் எப்படி முடிந்தது என்பதற்கு இட்ட பெயர்கள். 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு வெளியே கால் வைத்தவர் தோற்றார். உள்ளங்கால் தவிர உடம்பின் எந்தப் பகுதி மண்ணில் பட்டாலும் தோற்றார். அந்தக் கடைசி நொடியில் அவரைத் தோற்கடித்தது எதுவோ அதுதான் கிமாரிதே. அடிப்படை உத்தி 7, எறிவது 13, காலை வாருவது 18, முறுக்கிச் சாய்ப்பது 19, பின்னால் வளைந்து கவிழ்ப்பது 6, எதிலும் அடங்காதவை 19.

நீங்கள் படித்த மிகி-யொத்ஸு 'தொகுய்-வாசா' வகை. வீரர் தேடிப் போகிற பிடி அது. வலக்கை எதிராளியின் இடக்கைக்கு அடியில் புகுந்து உள்ளே இருக்கும். இடக்கை அவருடைய வலக்கைக்கு மேலாகப் போய் இடுப்புப் பட்டையான மவாஷியைப் பற்றும். சியோனோஃபுஜிக்கு அந்த இடக்கைப் பிடி கிடைத்துவிட்டால் அது உடும்புப்பிடி. வலக்கையால் எதிராளியின் தலையை அமுக்கி, இடக்கையால் சுழற்றி எறிவார். 'ஓநாய்' என்பது அவருடைய பட்டப்பெயர். 31 பட்டங்களும் 1045 வெற்றிகளும் பெற்று 1991 மே மாதம் விலகியவர்.

அப்படி எறிந்தால் ஒலிபெருக்கி 'உவாதெநாகே' என்று அறிவிக்கும். மறுநாள் அதே பிடியில் நின்று, எறியாமல், நெஞ்சோடு நெஞ்சாக நெருக்கி வெளியே நகர்த்தினால் 'யோரிகிரி' என்று அறிவிக்கும். பிடி ஒன்றுதான், ஏட்டில் ஏறுவது இரண்டு பெயர். மிகி-யொத்ஸு என்ற சொல் ஏட்டில் எங்குமே ஏறாது.

இதனால்தான் வெற்றிக் கணக்கை மட்டும் சேமித்துவிட்டு வீரரின் வரலாறு பத்திரம் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை. கணக்கைப் பார்த்தால் பாதிப் பேர் யோரிகிரிக்காரர்கள். ஒருவருக்கு வலக்கை உள்ளே, இன்னொருவருக்கு இடக்கை உள்ளே என்பதுதான் அவர்களுக்குள் வித்தியாசம், அது கணக்கில் தெரியாது. வீரர் அறிமுகத்தில் வரும் அந்த ஒற்றை வரியில்தான் தெரியும். பக்கம் அழியும்போது முதலில் தொலைவதும் அந்த வரிதான். வெற்றி தோல்வியை நாளிதழில் தேடியாவது எடுத்துவிடலாம்.

அதற்காக அந்த வரியை அப்படியே நம்பவும் வேண்டாம், அதில் கொஞ்சம் மானப் பிரச்சினையும் இருக்கிறது. முன்னால் பாய்ந்து வருபவரை விலகி நின்று தலையில் தட்டிக் கவிழ்ப்பது 'ஹதாகிகோமி'. அதில் நிறைய வெற்றி எடுத்தவரும் தன் கைவந்த உத்தி என்று தள்ளுவதைத்தான் சொல்வார். பின்வாங்கி ஜெயிப்பதைச் சுமோ உலகம் மெச்சுவதில்லை. ஆகவே அவர் சொன்னது ஒரு பத்தியில், எண்ணி அறிந்தது இன்னொரு பத்தியில். இரண்டையும் கலக்காமல் எழுதிவையுங்கள்.

ஆண்டையும் கவனியுங்கள். 2001 ஜனவரிப் போட்டிக்கு முன் கிமாரிதே 70தான். முதுகுப் பக்கமிருந்து தூக்கிப் போடுவது போன்ற 12 உத்திகள் அப்போதுதான் தனிப் பெயர் பெற்றன. 1980களின் வீரர் ஒருவர் கணக்கில் அந்தப் பெயர்கள் இல்லை என்றால், அவருக்கு அது தெரியாது என்று அர்த்தமில்லை.

சிவகாசி வாசகர்: பழைய ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போது பதிவில் பிழை என்று தெரிந்தால் திருத்தலாமா?

கூடாது. 1969 மார்ச், ஒசாகா, இரண்டாம் நாள். தொடர்ந்து 45 ஆட்டம் ஜெயித்திருந்த தாய்ஹோ, தோதா என்ற வீரரோடு மோதினார். நடுவர் தாய்ஹோ பக்கம் விசிறியைக் காட்டினார். கீழே அமர்ந்திருந்த தீர்ப்பாளர்கள் கூடிப் பேசி, தோதாவுக்கு வெற்றி என்று மாற்றினார்கள். தோதாவின் கால்தான் முதலில் வெளியே போனது என்பதைப் புகைப்படம் காட்டியது. நாடே கொதித்தது. அடுத்த மே மாதப் போட்டியிலிருந்து தீர்ப்பாளர்களுக்கு வீடியோ உதவி வந்தது. தாய்ஹோவின் கணக்கில் அந்தத் தோல்வி இன்றும் தோல்விதான். தீர்ப்பு என்னவோ அதை அப்படியே எழுதி, படம் சொல்வதைப் பக்கத்தில் குறிப்பாகப் போடுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: கொதோசகுரா என்று தேடினால் ஒரு கிழவரும் ஓர் இளைஞரும் வருகிறார்களே?

தாத்தாவும் பேரனும். தாத்தா 53ஆவது யோகோசுனா. பேரன் கொதோகமதானி என்ற பெயரில் தொடங்கினார். பிறகு அப்பாவின் சுமோ பெயரான கொதோனோவாகாவை எடுத்துக்கொண்டார். 2024 மே மாதம் தாத்தாவின் பெயருக்கு மாறினார். ஒரே ஆளுக்கு மூன்று பெயர், அதில் இரண்டு குடும்பச் சொத்து! பெயரை வைத்துக் கோப்பு போட்டால் அப்பாவின் வெற்றி மகன் கணக்கில் விழும். ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள், பெயர்களைத் தேதியோடு அதன் கீழே எழுதுங்கள்.

மதுரை வாசகர்: நம்மூர்க் குஸ்திக்காரர்களை விட்டுவிட்டுச் சுமோவுக்கு இத்தனை பக்கமா?

நம்மூர்க் குஸ்திக்காரர் யார் எந்தப் பிடியில் யாரைச் சாய்த்தார் என்று தேதியோடு எழுதிவைத்த ஏடு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அடுத்த வாரமே எழுதுகிறேன்.

நாகர்கோவில் வாசகர்: மிகப் பழைய வீரர்களின் உத்திகள் தெரியுமா?

கொஞ்சம்தான். ராய்தென் தமேமோன் 1790 முதல் 1811 வரை 254 வெற்றி, 10 தோல்வி. இவை தவிர டிரா உண்டு, தீர்ப்பை நிறுத்திவைத்த ஆட்டங்களும் உண்டு. அந்தக் காலத் தாள்களில் யார் ஜெயித்தார் என்ற குறிதான் பெரும்பாலும் கிடைக்கும். எந்தப் பிடி என்று யார் எழுதினார்கள்! அவருடைய அடி தாங்க முடியாமல் சில உத்திகளை அவருக்குத் தடை செய்தார்கள் என்பது கதை. கதை என்றே எழுதிவையுங்கள். ஆனால் அந்த மனிதர் தான் சுற்றிய ஊர்களைப் பற்றித் தன் கையாலேயே குறிப்பேடு எழுதினார். அது இன்றும் இருக்கிறது.

திருவண்ணாமலை வாசகர்: நீங்கள் ஏதாவது சேர்த்துவைத்ததுண்டா?

உண்டு. ரியோகோகு கொகுகிகான் அரங்கில் என் வசதிக்கு மாடியின் கடைசி வரிசைதான். அங்கிருந்து பார்த்தால் மண்மேடை தாம்பாளம் அளவுதான். யார் விழுந்தார் என்பது தெரியும், எப்படி என்பது தெரியாது. அறிவிப்பைக் கேட்டு, வாசலில் தரும் ஆட்டப் பட்டியல் தாளில் பென்சிலால் கிமாரிதேயை எழுதுவேன். வீட்டுக்கு வந்து அழகாக ஜெல் பேனாவால் நோட்டில் படியெடுப்பேன். கிமாரிதே மட்டும்தான், எந்தக் கை உள்ளே இருந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மேலே நோட்டுப் புத்தகம் வீணானது என்றேனே, அது இதுதான்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு நின்றது. நோட்டு முழுக்க நீலக் கறை. தாள்களைக் கொடியில் போட்டு உலர்த்தினோம். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. பேரன் போனில் படமெடுத்து இரண்டு இடங்களில் ஏற்றிவைத்திருக்கிறான். ஒரு தாளில் மட்டும், ஓர் ஆட்டத்துக்கு எதிரே 'உவாதெநாகே, இடக்கை' என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு முன்வரிசைக்காரர் யாரோ சீக்கிரம் எழுந்து போயிருக்க வேண்டும்.